இணையவழிப் பாட வடிவமைப்பில் கல்விக் கோட்பாடுகள்: பாலக்காட்டு எல்லைத் தமிழ்வழி மாணவர்களை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

கொரோனாவால் பள்ளிகள் மூடிக்கிடந்த நிலையில், 2020 ஜூன் 1 அன்று கேரள அரசின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனமான கைட், விக்டர்ஸ் தொலைக்காட்சி வழியாக 'ஃபர்ஸ்ட் பெல்' வகுப்புகளைத் தொடங்கியது. தமிழ்வழி, கன்னடவழி மாணவர்களுக்கும் தனியே வகுப்புகள் தயாராயின. எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டின் கல்வித் தொலைக்காட்சி 2019 முதலே இயங்கிவந்தது. இரு மாநிலப் பாடத்திட்டங்களும் வேறு, பாடங்கள் வரும் வரிசையும் வேறு. ஆகவே பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கம் தமிழ்வழியில் படிக்கும் ஒரு மாணவருக்குக் காணொளிகளுக்குப் பஞ்சமில்லை. தன் பாடத்திட்டத்தையும் தன் மொழிச் சூழலையும் தன் வீட்டுக் கைப்பேசியின் நிலையையும் அறிந்து வடிவமைத்த பாடத்துக்குத்தான் பஞ்சம்.

அத்தகைய பாடத்தைத் தாமே உருவாக்க முனையும் ஆசிரியர்களுக்கும் தன்னார்வலர்களுக்கும் உரியது இந்த வழிகாட்டி. கல்விக் கோட்பாடு என்றதும் பி.எட். தேர்வுக்கு மனப்பாடம் செய்த பெயர்ப்பட்டியல் நினைவுக்கு வருமானால், அதற்குக் காரணம் அதைக் கற்பித்த முறையே. பாடத்தை வடிவமைக்கும்போது எடுக்கவேண்டிய முடிவுகள் பல உள்ளன: எதை முதலில் வைப்பது, எவ்வளவு விளக்குவது, எப்போது விலகி நிற்பது, தவறான விடைக்கு என்ன சொல்வது. இவை ஒவ்வொன்றுக்கும் ஏதோ ஒரு கோட்பாடு பதில் வைத்திருக்கிறது. எல்லா முடிவுகளுக்கும் விடையளிக்கும் ஒற்றைக் கோட்பாடு எதுவும் இல்லை என்பதால், எந்த முடிவுக்கு எதை அணுகுவது என்று தெரிந்திருப்பதே வடிவமைப்பாளருக்கு வேண்டிய முதல் திறன்.

அமெரிக்கக் கல்வியியலாளர் ரிச்சர்ட் கிளார்க் 1983இல் எழுதிய ஒரு கட்டுரையில், ஊடகத்தை மளிகைப் பொருள் ஏற்றிவரும் வண்டியோடு ஒப்பிட்டார். வண்டி மாறுவதால் உணவின் சத்து மாறுவதில்லை. அதுபோலவே கற்றலை உண்டாக்குவது கற்பிக்கும் முறைதான், ஊடகமன்று என்பது அவர் வாதம். ராபர்ட் கோஸ்மா போன்றோர் இதை மறுத்து, சில ஊடகங்களால் மட்டுமே சில முறைகள் சாத்தியமாகின்றன என்றனர். இந்த விவாதத்தில் யார் வென்றார் என்பது நமக்கு முக்கியமில்லை. மென்பொருளைத் தேர்ந்துகொண்டு வேலையைத் தொடங்குவோர் பெரும்பாலும் பாடநூலின் பக்கங்களைத் திரைக்கு மாற்றுவதோடு நின்றுவிடுகின்றனர் என்பதால், இந்த வழிகாட்டியில் மென்பொருள் கடைசிக்கு முந்தைய படியாகவே வருகிறது.

வழிகாட்டி முழுவதும் ஒரே எடுத்துக்காட்டைப் பின்தொடர்வோம். தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையிலான பரம்பிக்குளம்–ஆழியாறு நீர்ப்பங்கீட்டு ஒப்பந்தத்தின்படி ஆண்டுதோறும் மணக்கடவு அணைக்கட்டில் கேரளத்துக்குக் கிடைக்கவேண்டிய நீர் 7.25 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி). சித்தூர்ப்புழை ஆற்றின் மூலத்தறைத் தடுப்பணையிலிருந்து பிரியும் கால்வாய்களில் தண்ணீர் வந்ததா, எத்தனை கன அடி வந்தது என்பது இங்குள்ள வீடுகளில் நாள்தோறும் காதில் விழும் பேச்சு. இந்த எண்களைக் கொண்டு எட்டாம், ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கு 'ஓட்ட வீதமும் கன அளவும்' என்னும் சிறிய பாட அலகு ஒன்றை வடிவமைப்பதாக வைத்துக்கொள்வோம்.

படி 1: மாணவர் எதை அறிந்து வருகிறார் என்று கண்டறிதல்

கற்றலைத் தீர்மானிக்கும் காரணிகளுள் தலையாயது மாணவர் ஏற்கெனவே அறிந்திருப்பதே என்று டேவிட் ஆசுபெல் 1968இல் வலியுறுத்தினார். வகுப்பறையில் ஆசிரியர் முகங்களைப் பார்த்தே இதை ஓரளவு கணித்துவிடுகிறார். இணையவழியில் அந்த வசதி இல்லை. ஆகவே அலகின் வாயிலிலேயே ஐந்தாறு வினாக்கள் கொண்ட கண்டறி சோதனை ஒன்று வேண்டும். நம் எடுத்துக்காட்டில், ஒரு மணி நேரத்தில் எத்தனை வினாடிகள், ஓரடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டியின் கொள்ளளவு என்ன, ஒரு கோடியில் எத்தனை பூச்சியங்கள் என்பன போன்ற வினாக்கள் போதும். மதிப்பெண் தருவதற்கான சோதனை இதுவன்று என்பதை மாணவருக்கு வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும்.

முன்னறிவில் மொழியும் அடங்கும். எல்லைப்பகுதியில் இதுவே பெரிய சிக்கல். இங்குள்ள மாணவர் வீட்டில் தமிழும், பேருந்திலும் அரசு அலுவலகத்திலும் மலையாளமும் சரளமாகப் பேசுகிறார். பத்தாம் வகுப்புவரை தமிழில் படித்துவிட்டு, பிளஸ் ஒன்னில் பெரும்பாலும் ஆங்கிலப் பாடநூல்களைச் சந்திக்கிறார். ஜிம் கம்மின்ஸ் 1979இல் முன்வைத்த வேறுபாடு இங்கே பெரிதும் பயன்படுகிறது. புதிய மொழியொன்றில் அன்றாட உரையாடல் திறன் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் வந்துவிடலாம். அதே மொழியில் பாடங்களைப் படித்து, வாதிட்டு, எழுதும் திறன் கைகூட ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் வரை ஆகலாம். ஆகவே, பையன் மலையாளம் நன்றாகப் பேசுகிறானே என்று மலையாளக் காணொளியை அப்படியே கொடுத்துவிடுவது தவறான கணிப்பு. ஒரு மொழியில் ஆழப் பதிந்த கருத்து இன்னொரு மொழிக்கும் கைகொடுக்கும் என்பதும் கம்மின்ஸின் கருத்தே. எனவே கருத்தைத் தமிழில் முழுமையாக விளக்கிவிட்டு, அது பதிந்த பிறகே மலையாள, ஆங்கிலக் கலைச்சொற்களை இணைப்பது நல்ல வரிசை.

மூன்றாவதாக அறியவேண்டியது சாதனம். வீட்டில் ஒரே கைப்பேசி, அதுவும் தந்தையோடு வேலைக்குப் போய் மாலையில்தான் திரும்புகிறது என்றால், காலை பத்து மணி நேரலை வகுப்பு எவ்வளவு சிறப்பாக இருந்தும் பயனில்லை.

ஒரு குறுக்கீடு. மாணவரைக் காட்சி வழிக் கற்போர், செவி வழிக் கற்போர் என்று பிரித்துத் தனித்தனிப் பாடம் தயாரிக்கும் வழக்கம் பல பயிற்சி முகாம்களில் இன்னும் உண்டு. ஹெரால்டு பாஷ்லரும் உடனாய்வாளர்களும் 2008இல் இந்த ஆய்வுகளைத் திரட்டி ஆராய்ந்து, இவ்வாறு பிரித்துக் கற்பிப்பதற்குப் போதிய சான்று இல்லை என்றனர். அந்த உழைப்பைக் கண்டறி சோதனையில் செலவிடலாம்.

படி 2: கற்றல் விளைவுகளை எழுதி, மதிப்பீட்டோடு பிணைத்தல்

பெஞ்சமின் புளூமின் வகைப்பாடு 1956இல் வெளியாகி, 2001இல் ஆண்டர்சன், கிராத்வோல் ஆகியோரால் திருத்தப்பட்டது. நினைவுகூர்தல், புரிந்துகொள்ளுதல், பயன்படுத்துதல், பகுத்தாய்தல், மதிப்பிடுதல், படைத்தல் என்னும் ஆறு நிலைகளும் ஆசிரியர்களுக்குத் தெரிந்தவையே. ஆறையும் ஒவ்வொரு அலகிலும் நிரப்பியாக வேண்டும் என்ற கட்டாயம் ஏதுமில்லை. நம் அலகுக்கு மூன்று விளைவுகள் போதும்: ஓட்ட வீதமும் நேரமும் தெரிந்தால் கன அளவைக் கணக்கிடுதல், கன அளவைக் கன அடி, டி.எம்.சி., லிட்டர் ஆகிய அலகுகளுக்கிடையே மாற்றுதல், ஆண்டுச் சராசரி ஓட்டம் உண்மையான நீர் வரத்தை ஏன் முழுமையாகக் காட்டுவதில்லை என்று விளக்குதல்.

ஜான் பிக்ஸ் 1996இல் முன்வைத்த இசைவுக் கொள்கை இந்தப் படியின் சாரம்: விளைவு, பயிற்சி, மதிப்பீடு மூன்றும் ஒரே வினைச்சொல்லைச் சுற்றி அமையவேண்டும். 'விளக்குதல்' என்று விளைவில் எழுதிவிட்டு, நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினாவை மட்டும் வைத்தால், மாணவர் அந்த வினாவுக்காகவே படிப்பார். தானே திருத்திக்கொள்ளும் வினாக்களை அமைப்பது கணினியில் எளிது என்பதால் இணையப் பாடங்கள் பெரும்பாலும் இந்தக் குழியில்தான் விழுகின்றன. மூன்றாவது விளைவை ஒரு நிமிடக் குரல்பதிவாகவோ, நான்கு வரி எழுத்தாகவோ பெற்று, ஆசிரியர் கேட்டும் படித்தும் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

படி 3: பாடத்தின் நடையையும் துணையின் அளவையும் தீர்மானித்தல்

வடிவமைப்பில் மிகுதியான நேரம் செலவிடவேண்டிய படி இது. நடத்தையியல் (பயிற்சியும் பின்னூட்டமும் பழக்கத்தை உண்டாக்கும் என்பது), அறிதிறன் கோட்பாடு (மனம் தகவலைக் கையாளும் விதத்தைப் பார்ப்பது), அறிவுக் கட்டமைப்புக் கோட்பாடு (அறிவைக் கற்பவரே கட்டியெழுப்புகிறார் என்பது) ஆகிய மூன்றையும் எதிரெதிர்க் கட்சிகளைப் போல நிறுத்துவது தேர்வு வினாத்தாளின் வழக்கம். பாடம் தயாரிக்கும் மேசையில் மூன்றுக்கும் இடமுண்டு.

மணியை வினாடியாக்குவது, கன அடியை லிட்டராக்குவது போன்றவை சரளமாகக் கைவரவேண்டிய திறன்கள். இதற்கு ஸ்கின்னர் 1950களில் கற்பித்தல் இயந்திரத்துக்காக வகுத்த முறையே இன்றும் பொருந்தும்: சிறு சிறு அடிகள், ஒவ்வோர் அடியிலும் மாணவரின் செயல், உடனடிப் பின்னூட்டம். ஆனால் பின்னூட்டம் 'சரி', 'தவறு' என்பதோடு நின்றால் பாதிப் பயன்தான். ஒரு வினாவைப் பார்ப்போம். கால்வாயில் வினாடிக்கு 50 கன அடி நீர் ஓடுகிறது. 6 மணி நேரத்தில் ஓடும் நீர் எவ்வளவு? சரியான விடை 10,80,000 கன அடி. தவறான விடைகளாக ஏதோ மூன்று எண்களை வைக்காமல், மாணவர் செய்யக்கூடிய பிழைகளிலிருந்தே அவற்றைப் பெறவேண்டும். நேரத்தை மாற்றாமலே பெருக்கினால் 300 வரும். நிமிடமாக்கியதோடு நின்றால் 18,000 வரும். ஒரு மணி நேரத்துக்கு மட்டும் கணக்கிட்டால் 1,80,000 வரும். மாணவர் எதைத் தேர்ந்தெடுக்கிறாரோ அதற்கேற்ப, 'மணியை நிமிடமாக்கிவிட்டீர்கள். ஓட்டம் வினாடிக்கல்லவா தரப்பட்டுள்ளது?' என்று கணினி கேட்கும்படி அமைக்கலாம். இப்படி எழுதிய ஐந்து வினாக்கள், விடையை மட்டும் காட்டும் ஐம்பது வினாக்களைவிட மேல்.

அடுத்தது, பல அடிகள் கொண்ட கணக்கு. ஜான் ஸ்வெல்லர் 1988இல் வகுத்த அறிதல் சுமைக் கோட்பாடு இங்கே வழிகாட்டுகிறது. நம் செயல்படு நினைவு ஒரே நேரத்தில் ஏந்தக்கூடியவை மிகச் சில. ஜார்ஜ் மில்லர் 1956இல் ஏறத்தாழ ஏழு என்றார், நெல்சன் கோவன் 2001இல் அதை ஏறத்தாழ நான்காகக் குறைத்தார். டி.எம்.சி., கோடி, வினாடி, நாள், ஆண்டு என ஐந்தும் புதிதாக ஒரே கணக்கில் மோதினால், மாணவரின் கவனம் முழுவதும் அவற்றை ஏந்திக்கொண்டிருப்பதிலேயே கரைந்துவிடும். புதிதாகக் கற்பவருக்குக் கணக்கைக் கொடுத்துத் 'தானே கண்டுபிடி' என்பதைவிட, படிப்படியாகத் தீர்த்துக்காட்டிய எடுத்துக்காட்டே பயன் தருகிறது என்று ஸ்வெல்லரின் ஆய்வுகள் காட்டின.

தீர்த்துக்காட்டும் எடுத்துக்காட்டு இப்படி அமையலாம். 1 டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி, எனவே 7.25 டி.எம்.சி. என்பது 725 கோடி கன அடி. ஒரு நாளுக்கு 86,400 வினாடிகள். 365 நாள்களுக்கு 3,15,36,000 வினாடிகள். 725 கோடியை இதனால் வகுத்தால் வினாடிக்கு ஏறத்தாழ 230 கன அடி. ஒவ்வோர் அடியும் தனித் திரையில், ஏன் அந்த அடி என்ற ஒரு வரிக் காரணத்தோடு வரவேண்டும். இரண்டாவது எடுத்துக்காட்டில் கடைசி அடியை மட்டும் மாணவர் நிரப்பட்டும். மூன்றாவதில் கடைசி இரண்டு அடிகளை. நான்காவதில் கணக்கு மட்டுமே இருக்கட்டும்.

இவ்வாறு துணையை மெல்ல மெல்ல விலக்குவது வைகாட்ஸ்கியின் அண்மை வளர்ச்சி மண்டலக் கருத்தோடு ஒத்துப்போகிறது. தனியே செய்ய இயலாமல், துணையோடு செய்ய இயலும் பகுதியில்தான் கற்பித்தல் நிகழவேண்டும் என்றார் அவர். அந்தத் துணையைக் கட்டடச் சாரத்தின் பெயரால் 1976இல் வுட், புரூனர், ராஸ் ஆகியோர் விவரித்தனர். விலக்குவதை மறப்பதுதான் இணையப் பாடங்களில் அதிகம் காணும் குறை. தேர்ச்சி பெற்ற மாணவருக்குப் படிப்படியான விளக்கம் உதவாததோடு இடையூறாகவும் மாறுகிறது என்று காலியுகாவும் உடனாய்வாளர்களும் 2003இல் எடுத்துரைத்தனர். கண்டறி சோதனையில் எல்லாவற்றையும் சரியாகச் செய்தவரை நேரே நான்காவது கணக்குக்கு அனுப்பும் வழி ஒன்று இருந்தாகவேண்டும்.

இதற்குப் பிறகே திறந்த வினா. ஆண்டுச் சராசரி வினாடிக்கு 230 கன அடி என்றால், நெல் நடவின்போது எவ்வளவு வந்தால் நல்லது, கோடையில் எவ்வளவு வரும்? வீட்டில் விவசாயம் செய்வோரிடம் கேட்டு, மாதவாரியாக ஒரு பங்கீட்டை மாணவர் தாமே வகுத்து, அதன் கூட்டுத்தொகை 7.25 டி.எம்.சி.க்குள் அடங்குகிறதா என்று சரிபார்க்கட்டும். அறிவைக் கற்பவரே கட்டியெழுப்புகிறார் என்னும் பியாஜே, வைகாட்ஸ்கி மரபுக்கு உண்மையான இடம் இதுதான். முதல் நாளே இதைக் கொடுத்தால் பெரும்பாலோர் திணறுவர். கடைசிவரை கொடுக்காவிட்டால் கணக்கு வெறும் கணக்காகவே நின்றுவிடும்.

படி 4: திரையையும் காணொளியையும் அமைத்தல்

ரிச்சர்ட் மேயரின் பல்லூடகக் கற்றல் ஆய்வுகள் தரும் நெறிகள் எளியவை. படமும் அதன் விளக்கமும் அருகருகே இருக்கவேண்டும். பாடத்துக்குத் தொடர்பில்லாத பின்னணி இசை, அசையும் பொம்மை ஆகியவற்றை நீக்கவேண்டும். நீண்ட காணொளியைச் சிறு பகுதிகளாக வெட்டி, அடுத்த பகுதிக்குச் செல்லும் பொத்தானை மாணவர் கையில் விடவேண்டும். பேசுவதையே வரிக்கு வரி திரையில் எழுதுவது, படத்தையும் பார்க்கவேண்டிய கண்ணுக்குக் கூடுதல் சுமை.

கடைசி நெறிக்கு எல்லைப்பகுதியில் ஒரு விலக்கு தேவை. பேச்சு மாணவரின் முதன்மொழியில் இல்லாதபோது திரையெழுத்து உதவக்கூடும் என்று பின்னர் வந்த ஆய்வுகள் குறிப்பிடுகின்றன. ஆகவே தமிழ் விளக்கத்துக்குத் தமிழ் வரிகள் வேண்டாம். ஆங்கிலக் காணொளி ஒன்றை இணைத்தால் வரிகள் இருக்கட்டும். கலைச்சொல்லைத் தொட்டால் அதன் மலையாள, ஆங்கில வடிவங்கள் அங்கேயே தோன்றவேண்டும். தனிப் பக்கத்தில் அகராதி வைத்தால் மாணவர் போய்த் திரும்புவதற்குள் கணக்கை மறந்திருப்பார்.

படி 5: மறதிக்கு எதிராகத் திட்டமிடுதல்

எப்பிங்ஹாஸ் 1885லேயே மறதியின் வேகத்தை அளந்துகாட்டினார். ரோடிகர், கார்ப்பிக் ஆகியோரின் 2006ஆம் ஆண்டுச் சோதனையில், பாடப்பகுதியை மீண்டும் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த தேர்வில் முந்தினர். ஒரு வாரம் கழித்தோ, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினர். அலகு முடிந்த மறுநாள், ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்து என மூன்று முறை, இரண்டிரண்டு வினாக்கள் தாமாகவே மாணவரை வந்தடையும்படி அமைத்தால் போதும். புதிய அலகின் பயிற்சியில் பழைய அலகின் கணக்கொன்றைக் கலப்பதும் இதே வேலையைச் செய்யும்.

படி 6: ஆசிரியரும் சக மாணவரும் இருக்கும் இடத்தை உறுதிசெய்தல்

இணையவழிக் கல்வியில் தொலைவு என்பது கிலோமீட்டர்க் கணக்கன்று என்பது மைக்கேல் மூர் 1970களிலிருந்து வளர்த்தெடுத்த கருத்து. உரையாடல் குறைந்து, பாடம் இறுகிய வடிவில் இருந்தால், பக்கத்துத் தெருவில் இருக்கும் ஆசிரியரும் மாணவருக்கு வெகுதூரத்தில்தான் இருக்கிறார். 2000இல் கனடாவின் கேரிசன், ஆண்டர்சன், ஆர்ச்சர் ஆகியோர், பயனுள்ள இணையக் கற்றலில் மூன்று இருப்புகள் ஒன்றுசேர வேண்டும் என்றனர்: சிந்தனையின் இருப்பு (பாடத்தைப் பற்றி ஆழ்ந்து எண்ணுவது), சமூக இருப்பு (ஒருவரையொருவர் மனிதராக உணர்ந்து பழகுவது), கற்பிப்பவரின் இருப்பு (ஆசிரியர் வடிவமைத்து வழிநடத்துவது).

நடைமுறையில் பள்ளிகளின் வாட்ஸ்அப் குழுக்கள் அறிவிப்புப் பலகையாகவே இயங்குகின்றன. 'வணக்கம் டீச்சர்', கைகூப்பும் சின்னம், வீட்டுப்பாடத்தின் படம் ஆகியவற்றைத் தாண்டி உரையாடல் நகர்வதில்லை. ஒரு விடையைக் கேட்கும் வினாவைக் குழுவில் போட்டால் முதலில் வரும் விடையை மற்றவர்கள் நகலெடுப்பார்கள் என்பதால், வினாவின் வடிவையே மாற்றவேண்டும். நான்கு பேர் கொண்ட சிறு குழுக்களாகப் பிரித்து, மூன்றாம் படியில் சொன்ன மாதவாரிப் பங்கீட்டை ஆளுக்கொன்று தயாரிக்கச் சொல்லி, பிறகு நால்வரும் பேசி ஒரே பங்கீட்டுக்கு வரவேண்டும் என்றால், கருத்து வேறுபாடு இயல்பாகவே எழும். தென்னை வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளையும் நெல் விளையும் வீட்டுப் பிள்ளையும் ஒரே பங்கீட்டைக் கேட்கமாட்டார்கள். ஆசிரியர் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. 'உங்கள் பங்கீட்டில் மே மாதம் என்ன ஆகிறது?' என்று ஒரு கேள்வியைப் போட்டுவிட்டுக் காத்திருந்தால் போதும். எழுதத் தயங்குவோர் குரலில் பேசலாம், தமிழும் மலையாளமும் கலந்து வந்தாலும் பரவாயில்லை என்று முன்பே சொல்லிவிடுவது நல்லது. செம்மையான எழுத்தை இறுதி அறிக்கையில் கேட்டுக்கொள்ளலாம்.

படி 7: ஊக்கம்

இதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. தன்விருப்பம், தன்திறனில் நம்பிக்கை, பிறரோடு பிணைப்பு ஆகிய மூன்றும் உள்ளூக்கத்தின் வேர்கள் என்பது டெசி, ரயன் இருவரின் கோட்பாடு. முன்னைய படிகளைச் சரியாகச் செய்திருந்தால் மூன்றும் பெருமளவு வந்துவிடும். பதக்கங்கள், தரவரிசைப் பட்டியல் ஆகியவற்றில் எச்சரிக்கை தேவை. பரிசு தருவதாகச் சொல்லிப் படம் வரையவைத்த சிறு குழந்தைகள், பிறகு தாமாக வரைவதில் நாட்டம் குறைந்தனர் என்று லெப்பர், கிரீன், நிஸ்பெட் 1973இல் காட்டினர்.

படி 8: மென்பொருளைத் தேர்ந்தெடுத்தல்

இப்போது தேவைகள் தெளிவாக உள்ளன: விடைக்கேற்ற பின்னூட்டம், சோதனை முடிவுக்கேற்ற கிளைவழி, குறித்த நாளில் வரும் நினைவு வினா, சிறு குழு உரையாடல், இணையமின்றியும் இயங்கும் வசதி. ஆஸ்திரேலியாவின் மார்ட்டின் டூகியாமாஸ் 2002இல் வெளியிட்ட மூடில் என்னும் கட்டற்ற மென்பொருளில் இவற்றுள் பெரும்பகுதி கிடைக்கிறது. கூடிச்செய்து கற்றல் என்னும் கோட்பாட்டை வெளிப்படையாக அறிவித்து உருவான மென்பொருள் அது. இணைய இணைப்பு நம்பத்தகாத இடங்களில், பள்ளிக் கணினி ஒன்றிலிருந்தே உள்வலையில் பாடங்களை வழங்கும் கோலிப்ரி பொருத்தமானது. இரண்டும் கைக்கு எட்டாவிட்டால் கூகுள் படிவமும் வாட்ஸ்அப்பும் கொண்டே தொடங்கலாம். கூகுள் படிவத்திலும் விடைக்கேற்ப வேறு பகுதிக்கு அனுப்பும் வசதி உண்டு.

படி 9: சோதித்துத் திருத்துதல்

அலகை எல்லோருக்கும் அனுப்புமுன், வெவ்வேறு தரத்திலுள்ள நான்கைந்து மாணவர்களை அருகில் உட்காரவைத்து, மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யச் சொல்லவேண்டும். அவர்கள் எங்கே தயங்குகிறார்கள், எதை இருமுறை படிக்கிறார்கள், எந்தப் பொத்தானைத் தேடுகிறார்கள் என்பதை எழுதிக்கொள்ள வேண்டும். அந்த நேரத்தில் விளக்கம் சொல்லக்கூடாது என்பதுதான் ஆசிரியர்களுக்குக் கடினமான விதி.

அலகு நடந்து முடிந்ததும் எத்தனை பேர் காணொளியைப் பார்த்தனர் என்ற எண்ணிக்கையால் பெரிய பயனில்லை. ஒவ்வொரு வினாவிலும் எந்தத் தவறான விடை மிகுதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது என்று பார்க்கவேண்டும். 18,000 என்ற விடை குவிந்திருந்தால், நேர அலகு மாற்றப் பயிற்சிக்கு இன்னும் சில அடிகள் தேவை. யாருமே 300ஐத் தேர்ந்தெடுக்கவில்லை என்றால், அந்த விடையை நீக்கிவிட்டு, பயிற்சியின்போது மாணவர்கள் உண்மையில் செய்த வேறொரு பிழையை அதனிடத்தில் வைக்கலாம். முதல் இரண்டு விளைவுகளில் தேறி மூன்றாவதில் தடுமாறியோரின் குரல்பதிவுகளை மீண்டும் கேட்டு, கருத்துப் புரியாமல் தடுமாறினாரா, சொல் கிடைக்காமல் தடுமாறினாரா என்று பிரித்தறிந்த பிறகே அடுத்த அலகின் கண்டறி சோதனையை எழுதத் தொடங்கவேண்டும்.